தஹானி அக்கா கேட்டு வாங்கிய சம்பளம்

தஹானி அக்காவுக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு சண்டையில்தான். அவள் கணவர் ஃபவ்ஸியின் சாம்பல் நிறக் கோட்டை இஸ்திரி போட வாங்கிக்கொண்டு போன கம்பெனி, முதுகில் முக்கோணமாகத் தீய்த்துத் திருப்பி அனுப்பியிருந்தது. கெய்ரோவின் ஷுப்ராவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழேயே இஸ்திரிக் கடை உண்டு. முதல் தடவை இலவசம் என்று போனில் விளம்பரம் வந்ததும் ஃபவ்ஸி ஆசைப்பட்டுவிட்டார்.

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவள் நான். அவள் கத்தவில்லை, திட்டவும் இல்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஃபவ்ஸி பெண் பார்க்க வந்தார் என்பதில் தொடங்கி, அவருடைய நெஞ்சு வலி வரைக்கும் நிதானமாகச் சொன்னாள். பேசி முடிக்கும்போது என் கண்ணில் நீர். என் மேலதிகாரி கோட்டின் விலையைத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டான். பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி நதீம், "இந்தம்மாவ எப்படியாவது நம்ம பக்கம் இழுத்துடுங்க" என்றான்.

இழுத்துவிட்டோம். இருபது வருஷம் அரசாங்கத் தொலைபேசி நிலையத்தில் நம்பர் கேட்பவர்களுக்கு நம்பர் சொல்லி ஓய்வு பெற்றவள் அவள். புகார்ப் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையதாயிற்று. கோட்டின் விலை மட்டும் வரவேயில்லை.

கம்பெனியின் பெயர் பிலா கஸ்ரா. சுருக்கம் இல்லாதது என்று அர்த்தம். கெய்ரோவில் தெருவுக்கு ஓர் இஸ்திரிக்காரர் இருக்கிறார். ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் மேலே வந்து துணியை வாங்கிப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து கதவில் மாட்டுவார். இதையே ஆப் வழியாக, இரட்டை விலைக்கு, மூன்று நாள் தாமதமாகச் செய்து கொடுத்தோம். நாங்கள் வாங்கிய துணியும் கடைசியில் அதே தெரு இஸ்திரிக்காரரிடம்தான் போயிற்று. வண்டி, பெட்ரோல், கனத்த அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு வாசனைப் பை என்று செலவு போக, சட்டைக்கு நாலு பவுண்டு நட்டம். இதைக் கணக்கர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நதீமின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதனாலதான் சொல்றேன், நமக்கு லட்சம் சட்டை வேணும்!"

கணக்கர் அடுத்த வாரமே வேறு வேலை தேடிக்கொண்டார். அதன் பிறகு எங்களில் கூட்டல் கழித்தல் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

நதீமுக்கு முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இஸ்திரிக் கம்பெனி நடத்தியவன், இஸ்திரியே தேவைப்படாத பனியன் சட்டை மட்டும்தான் போடுவான். அவன் எஞ்சினியர் இல்லை. ஆனால் மடியில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனை எஞ்சினியர் என்று கூப்பிடாமல் இருந்தால் எங்கள் ஊரில் அது மரியாதைக் குறைவு. துக்கி பகுதியில் இருந்த அலுவலகத்தில் நாற்காலிகளைக் குறைத்து, தெர்மாகோல் மணி நிரப்பிய பெரிய பெரிய பை மெத்தைகளை வாங்கிப் போட்டிருந்தான். உட்கார்ந்தால் ஆளை விழுங்கும். சம்பளம் தாமதமான முதல் மாதம் கூட்டத்தை அந்த மெத்தைகளில்தான் நடத்தினான். அதில் உட்கார்ந்த எவனும் சட்டென்று எழுந்து நின்று கேள்வி கேட்க முடியாது. நல்ல யோசனைதான்.

"இது கம்பெனி இல்ல. குடும்பம்" என்றான் நதீம். கேக் வெட்டியிருந்தார்கள். "ஒரு மாசம் வீட்டுல கை கடிக்குதுன்னா என்ன பண்ணுவோம்? ஒருத்தர ஒருத்தர் தாங்கிக்குவோம்ல?"

"தாங்கிக்குவோம் எஞ்சினியரே" என்றாள் அக்கா மெத்தைக்குள்ளிருந்து. "இன்னிக்கு மத்தியானம் உங்க வீட்டுல என்ன சமையல்? எத்தன பேருக்கு வைக்கச் சொல்லியிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தோம். நதீமும் சிரித்தான். அக்காவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது மாதம் வளைகுடாவிலிருந்து ஒரு பணக்காரர் கம்பெனியில் முதல் போட வரப்போகிறார் என்றான். அவர் வருகிற அன்று எல்லாப் போனும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கம்பெனி பரபரப்பாகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு. அப்போது எங்களைக் கூப்பிட வாடிக்கையாளர்கள் அதிகம் இல்லை. அதனால் நாங்களே ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டோம். அக்கா அடுத்த அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, தன் மகளின் கல்யாண உடை தொலைந்துபோனதாகப் புகார் சொன்னாள். அக்காவுக்கு மகளே கிடையாது. இருந்தாலும் நான் உருகிப்போனேன். வெள்ளை அங்கியில் வந்த பணக்காரரும் நின்று கேட்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு இவ்வளவு புகாரா வருது?" என்று நதீமைக் கேட்டுவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மூன்றாவது மாதம் சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு என்று முடிவாயிற்று. ஒவ்வொருவர் பெயரையும் போட்டு வண்ணத்தில் அச்சடித்த பங்குப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். பிலா கஸ்ராவில் தஹானி அக்காவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை அன்று மாலையே தெருமுனை மளிகைக்கடைக்காரர் அபூ சம்ராவிடம் கொண்டுபோய் நீட்டினாள். நானும் கூட இருந்தேன்.

"என்ன தாயி இது?"

"நான் இப்போ முதலாளி, அபூ சம்ரா. கம்பெனி பெருசாச்சுன்னா இது பத்து லட்சம் போகும். ரெண்டு கிலோ அரிசியும் ஒரு டப்பா நெய்யும் எடுத்து வைங்க. மீதிச் சில்லறை வேண்டாம்."

அபூ சம்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "அச்சு நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அரிசி கொடுத்தார். நெய்யை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். படியேறும்போது சிரிப்பு நின்றுபோயிற்று. "ஸப்ரீன், இன்னிக்கு ஒரு வாத்தியார் போன் பண்ணினார்டி. துணிக்குக் கட்டுன முன்பணத்தத் திருப்பிக் கேக்குறார். அஞ்சு வேலை நாள்ல வந்துடும் ஐயான்னேன். நல்லா இருங்க மகளேன்னு வாழ்த்திட்டு வச்சார். வச்சதுக்கு அப்புறம்தான் தோணுச்சு, நதீம் என்கிட்ட பேசுற அதே குரல்ல நான் பேசியிருக்கேன்." ஃபவ்ஸியின் மாத்திரையை அந்த வாரம் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்காவது மாதக் கடைசியில் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பிலா கஸ்ரா இனி இலகுவாக இயங்கப் போகிறது, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், வாழ்த்துகள். நாங்கள் துக்கிக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. நதீம் மூன்று மாத வாடகை தரவில்லை என்று கட்டடக் காவல்காரர் சொன்னார். அந்த மெத்தைகளில் ஒன்றைப் பிடித்து வைத்து அதில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்ளாமலேயே பேசினார். எழ முடியவில்லையோ என்னவோ.

நான் அழுதேன். கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரிஃப்அத், நதீமின் காலை உடைக்கலாம் என்றான். அக்கா இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. டீ சாப்பிடச் சொன்னார். வேலை ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார். கம்பெனியில் இருக்கிறது என்றோம். கம்பெனி எங்கே என்று கேட்டார். அது வீட்டிலிருந்து இயங்குகிறது என்றோம். யார் வீட்டிலிருந்து? அக்கா கைப்பையைத் துழாவினாள். வேறு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டபோது, அவசரத்தில் பங்குப் பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டாள்.

அதிகாரியின் முகம் மாறியது. "அம்மா, இதப் பாத்தா நீங்க பங்குதாரர். அதாவது முதலாளி. இது தொழிலாளிங்க வர்ற இடம்."

"அப்போ எனக்குச் சம்பளம் தராதது நானேதானா?"

"ஆயிரத்துல ஒரு பங்கு நீங்கதான்."

"சரி அதிகாரி பாஷா, அந்த ஒரு பங்க நான் மன்னிச்சிட்டேன். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பங்குக்குப் புகார் எழுதிக்குங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். புகாரை எழுதிக்கொண்டார். கம்பெனிக்குக் கடிதம் போகும் என்றார். எப்போது போகும் என்று கேட்டோம். போகும் என்றார்.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். மனியல் தீவில் இஸ்திரிக்கடை வைத்திருக்கும் ஷஹ்ஹாத் அக்காவுக்குப் போன் பண்ணினார். எங்கள் கம்பெனிக்குத் துணி தேய்த்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், அவருக்கும் பெரிய பாக்கி. நதீமின் குடும்பம் அவர் கடை இருக்கும் தெருவில்தான் இருந்தது. நதீம் பள்ளிச் சீருடை போட்ட காலத்திலிருந்து அவன் துணியைத் தேய்ப்பவர் அவர்தான்.

"தஹானி அக்கா, சீக்கிரம் வாங்க. பய கையில சிக்கிட்டான்."

போய்ப் பார்த்தால் பலகையின் மேல் கருநீலத்தில் ஒரு புத்தம்புதிய சூட். வருகிற வெள்ளிக்கிழமை நதீமுக்கு நிச்சயதார்த்தம். அவன் அம்மா, ஊரில் உள்ள எந்த ஆப்பையும் நம்பாமல், சூட்டை ஷஹ்ஹாத்துக்கே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ஷஹ்ஹாத் பெட்டியைச் சூடேற்றி வைத்திருந்தார். "ஒரு வார்த்த சொல்லுங்க. பின்பக்கமா, உக்கார்ற எடத்துல ஒரே ஒரு முத்திரை வச்சிடறேன்."

"வேண்டாம்ப்பா. உங்க கை வேலைக்கு அவமானம். சூட்டு அழகா தேயட்டும்." அக்கா அதன் தோளை விரலால் தடவிப் பார்த்தாள். "நிச்சயதார்த்தம் எங்க? பொண்ணு யாரு?"

பெண் நாசர் நகரில். அப்பா பெயர் ஹாஜியார் முதவல்லி, அடுக்குமாடி கட்டி விற்பவர். விழா பெண் வீட்டிலேயே.

"குடும்ப விசேஷம்" என்றாள் அக்கா. "குடும்பம் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் கிளம்பினோம். இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டோம். ஃபவ்ஸிக்கு இருந்தது அந்தச் சாம்பல் கோட்டு ஒன்றுதான். முதுகில் முக்கோணம் தெரிய அதையே போட்டுக்கொண்டார். அபூ சம்ராவிடம் கடன் சொல்லி பஸ்பூசா இரண்டு பெட்டி வாங்கினோம். என்னதான் இருந்தாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வாசலில் எங்களை யாரும் தடுக்கவில்லை. இனிப்புப் பெட்டியோடு குலவை போட்டுக்கொண்டு நுழைகிறவர்களை எந்த வீட்டில் தடுப்பார்கள்? அக்காவின் குலவை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

நதீம் கூடத்தின் நடுவில், சூட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தில் மட்டும் சுருக்கம் விழுந்தது.

ஹாஜியார் கனத்த உடம்புக்காரர், கையில் ஜெபமாலை. "வாங்க வாங்க. மாப்பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?"

"குடும்பம் ஹாஜியாரே. அவர் வாயாலயே சொன்னது."

சர்பத் வந்தது. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெண் ஜைலான் இளம் பச்சை உடையில், கையில் புதுத் தங்க வளையல்களோடு நதீமின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஹாஜியார்தான் கேட்டார். அக்கா அதற்காகக் காத்திருக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

"என்னத்த சொல்ல ஹாஜியாரே? இப்படி ஒரு முதலாளிய நான் பாத்ததில்ல. எங்கள வேலக்காரங்களாவே நெனைக்க மாட்டார். சம்பளம்னு குடுத்தா அந்நியமாயிடுமேன்னு நாலு மாசமா குடுக்கறதே இல்ல. அவ்வளவு பாசம். இதோ என் வீட்டுக்காரர், திரும்புங்க ஃபவ்ஸி, இவரு கோட்டத் தீய்ச்சாங்க. அதுக்குக் காசு குடுத்தா ஞாபகம் அழிஞ்சிடும்னு அதையும் குடுக்கல."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஹாஜியாரும் சிரித்தார். ஃபவ்ஸி வெட்கத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மற்றவர்களின் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே ஹாஜியாருடையது நின்றுவிட்டது.

"நாலு மாசமா?"

"மாமா, அது வந்து, பணப்புழக்கத்துல ஒரு சின்ன..." என்று தொடங்கினான் நதீம்.

"பால்கனிக்கு வா தம்பி."

அவர்கள் போனதும் ஜைலான் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நெஜமாவே நாலு மாசமா? இந்த வருஷம் எல்லாருக்கும் சம்பளம் ஏத்திக் குடுத்தேன்னு என்கிட்ட சொன்னாரே."

அவளிடம் அக்காவால் கிண்டலாகப் பேச முடியவில்லை. "ஆமா கண்ணு" என்றாள். ஜைலான் தன் கையிலிருந்த வளையல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தியிருந்தார்கள், ஆனாலும் ஹாஜியாரின் குரல் கண்ணாடிக்கு அடங்கவில்லை.

"என்கிட்ட செங்கல் தூக்கறவன் வியாழக்கிழமை காசு வாங்காம வீட்டுக்குப் போனதில்லடா! இவங்க வயித்தெரிச்சல என் மக கையில வளையலா மாட்டி விட்டியா?"

நிச்சயத்தை உறுதி செய்யும் ஃபாத்திஹா அன்று ஓதப்படவில்லை. கூலி பாக்கி தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஹாஜியார் வந்திருந்தவர்களிடம் நேராகவே சொல்லிவிட்டார். சாப்பாடு மட்டும் தயாராக இருந்தது, வீணாக்க வேண்டாம் என்று உட்காரச் சொன்னார். நாங்கள் வாத்துக்கறியும் திராட்சை இலைச் சுருளும் வயிறாரச் சாப்பிட்டோம். ரிஃப்அத் மூன்று தடவை வாங்கிக்கொண்டான். நதீமின் காலை உடைக்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

அக்கா மட்டும் சாப்பிடவில்லை. நதீமின் அம்மா சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அக்கா போய் அவள் பக்கத்தில் நின்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அக்காவின் முகமும் வீங்கியிருந்தது. "பாவம், அந்தம்மாவோட நகையும் அந்த ஆப்புலதான் போயிருக்கு" என்றாள் மெட்ரோவில்.

வளையல்கள் நகைக்கடைக்கே திரும்பிப் போயின. கடைக்காரர் செய்கூலியைக் கழித்துக்கொண்டுதான் எடுத்தார். அடுத்த வாரம் மனியலில், ஷஹ்ஹாத்தின் கடைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் நதீம் எங்களை உட்கார வைத்து அந்தப் பணத்தை ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுத்தான். மூன்று மாதச் சம்பளம்தான் தேறியது. ஷஹ்ஹாத்துக்கு முழுதும் கொடுத்துவிட்டான். அது அவன் அம்மாவின் கட்டளை. மறுபடியும் அதே பனியன் சட்டை. எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்று எழுதி வைத்திருந்த தாளில் அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

"மூணு மாசம்னு திருத்தி எழுது தம்பி, போடறேன்."

"நாலாவது மாசத்த மட்டும் குடும்பத்துக்காக விட்டுக்குடுங்களேன்."

"குடும்பத்துக்குத்தான் போன வெள்ளிக்கிழமை பஸ்பூசா வாங்கிட்டு வந்தேனே."

திருத்தி எழுதினான். பேனாவை மூடும்போது சொன்னான்: "எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்திட்டீங்க அக்கா."

"அசிங்கமா? நான் உன்னப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை பேசலியே" என்றாள் அக்கா. ஆனாலும் அவனுக்கு ஒரு டீ சொன்னாள்.

டீ பாதி குடிப்பதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அக்கா, உங்களால எனக்கு ஒரு புது யோசனை வந்திருக்கு. கேளுங்க. சம்பளம் வராதவங்களுக்கு அந்தச் சம்பளத்தக் காட்டி வட்டிக்குக் கடன் குடுக்கற ஆப். இந்த நாட்டுல எத்தன பேரு இருப்பாங்க, சொல்லுங்க? சந்தை ரொம்பப் பெருசுக்கா!"

அவன் கண் அப்படி மின்னியது. அக்கா ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஃபவ்ஸி அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். போகிற வழியில் மாத்திரையை மாதம் முழுமைக்குமாக வாங்கினார்கள்.

நான்காவது மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. குளிர்காலம் முடிந்த பிறகு ஜைலான் வீட்டில் ஃபாத்திஹா ஓதினார்கள் என்றும், ஹாஜியார் மாப்பிள்ளையைச் சிமென்ட் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார் என்றும் ஷஹ்ஹாத் சொன்னார். அந்தத் தடவை எங்களை அழைக்கவில்லை.

ஆனால் ஹாஜியார் அக்காவை மறக்கவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, தன் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை கொடுத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கையில் சம்பளம், ஒரு பவுண்டு குறையாது. வேலை என்னவென்றால், ஹாஜியாரிடம் வீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு ஆறு வருஷமாகச் சாவி வரவில்லை. அவர்களுடைய போனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"மனசு உறுத்தலையாக்கா?" என்று நான் கேட்டேன்.

"உறுத்தாம? ஹாஜியார்கிட்டயே கேட்டுட்டேன். கூலிய நிறுத்தினா பாவம் தஹானி, வீடு நிதானமா வரும்னார்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "நான் ஒருநாளும் தேதி சொல்றதில்லடி. பொய் சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்கேன்."

என் சித்தப்பா மஹ்ரூஸும் ஹாஜியாரின் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்குப் பணம் கட்டியவர். போன மாதம், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று கோபமாகப் போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தன் சர்க்கரை வியாதியைச் சொன்னார், சித்தியின் பிடிவாதத்தைச் சொன்னார், அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டாரோ, இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தார். வைத்துவிட்டு, "தங்கமான பொம்பளம்மா" என்றார்.

"சாவி எப்பவாம் சித்தப்பா?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேக்கவே மறந்துட்டேனே" என்றார்.